பழ ஈக்கு டிஎன்ஏ பார்கோடு சேவை: எதுவரை நம்பலாம்?

பழ ஈயின் ஒரு கால் போதும், டிஎன்ஏ பார்கோடு ஆய்வகத்தில் இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். 95% எத்தனாலில் வைத்த காலிலிருந்து சிஓஐ என்ற, இனத்தைப் பிரித்தறிய உதவும் மரபணுவின் 658 கார இணை (டிஎன்ஏ எழுத்து இணை) நீளத் துண்டை வாசித்துத் தருகிறார்கள்; மிச்ச உடல் சான்று மாதிரியாக நம்மிடமே இருக்கும். ஃபார்மலினில் கிடந்ததை அனுப்பாதீர்கள், டிஎன்ஏ சிதைந்திருக்கும். உடல் அடையாளம் அதிகம் இல்லாத புழுக்களுக்கு இது பேருதவி.

ஆனால் நெருங்கிய உறவுள்ள இரண்டு பழ ஈ இனங்களில் பாக்ட்ரோசெரா டார்சாலிஸா, கேரம்போலேவா என்று கேட்டால் அறிக்கை தடுமாறும். இரண்டின் சிஓஐ வரிசையும் கலந்தே கிடக்கும். ஐடிஎஸ்1 என்ற இன்னொரு டிஎன்ஏ பகுதியையும் சேர்த்துக் கேளுங்கள். சிறகின் முன்விளிம்புக் கரும்பட்டையையும் லென்ஸில் பாருங்கள்: நுனியருகே தூண்டில் முள்போல அகன்றால் பெரும்பாலும் கேரம்போலே. அறிக்கையில் 'பப்பாயே' என்று இனப்பெயர் வந்தால் குழம்ப வேண்டாம், 2015-லேயே அதை டார்சாலிஸோடு சேர்த்துவிட்டார்கள்.