வீடியோ நேர்காணல்: போனா, லேப்டாப்பா?

தங்கை மகளுக்குப் போன வாரம் முதன்முதலாக வீடியோ நேர்காணல். பி.காம். முடித்திருக்கிறாள், கணக்கர் வேலை. “மாமா, பக்கத்து வீட்டு அண்ணனிடம் லேப்டாப் இரவல் கேட்கட்டுமா, என் போனே போதுமா?” என்றாள். இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முந்தின நாள் மாலை ஒத்திகை நடத்தினோம். அவள் கோவில்பட்டியில், நான் சென்னையில், கேள்வி கேட்பவர் இடத்தில்.

லேப்டாப்பில் முகம் மங்கலாக வந்தது. பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் 720பி என்ற குறைந்த தெளிவுக் கேமராதான். நடுத்தர விலைப் போனின் முன்பக்கக் கேமராகூட அதைவிடத் தெளிவு. ஆனால் முகம் இருண்டு கிடந்ததற்குக் கேமரா காரணமில்லை, முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்ததும் இரண்டு கருவிகளிலும் முகம் துலங்கிவிட்டது.

அடுத்தது பார்வை. மேசைமேல் வைத்த லேப்டாப் அவள் தாடையையும் மின்விசிறியையும் காட்டியது. அடியில் நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கியதும் கேமரா கண் மட்டத்துக்கு வந்தது. போன்தான் படுத்தியது. செம்பில் சாய்த்தால் வழுக்கியது. கடைசியில் புத்தக அடுக்கோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். போனைப் படுக்கைவாட்டில் வைத்தால் கேமரா ஓரத்துக்குப் போய்விடுகிறது. திரையைப் பார்த்துப் பேசினால் எதிரே இருப்பவருக்குப் பக்கவாட்டில் பார்ப்பதாகத் தெரியும். கேமராவை ஒட்டி ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு, அதைப் பார்த்துப் பதில் சொன்னாள். அந்தக் கணத்தில் அவள் என்னிடமே பேசுவதாக உணர்ந்தேன்.

என் கணக்கில், எல்லாவற்றையும்விட முக்கியம் குரல். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், “என்ன சொன்னீர்கள்?” என்று மூன்று முறை கேட்க நேர்ந்தால் பேச்சின் ஓட்டமே அறுந்துவிடும். லேப்டாப்பின் மைக் விசிறிச் சத்தத்தையும் சமையலறை மிக்ஸியையும் சேர்த்து அனுப்பியது. ப்ளூடூத் இயர்போனில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மைக்கும் சேர்ந்து இயங்கும்போது பல ப்ளூடூத் கருவிகளில் ஒலித்தரம் இறங்கிவிடும். வயர் இயர்போனைப் போனில் செருகியதும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. இந்த இடத்தில்தான் என் மனம் போன் பக்கம் சாய்ந்தது.

போனுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு: நடுவில் வரும் அழைப்பு. வீட்டில் வைஃபை இருந்தால் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் இயக்கிக்கொள்ளலாம். அவள் வீட்டில் அது இல்லை. அதனால் அழைப்புகள் எல்லாம் தம்பியின் எண்ணுக்குப் போகும்படி மாற்றிவைத்தாள். டேட்டாவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. இருவர் பேசும் ஜூம் அழைப்பு, சாதாரணத் தரத்தில், ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்குச் சற்று மேல் எடுக்கும். தினம் 1.5 ஜிபி கிடைக்கும் திட்டமே போதும், காலையில் வீடியோ பார்த்துத் தீர்க்காமல் இருந்தால். மின்வெட்டு வந்தாலும் போன் தாங்கும். அந்த லேப்டாப்போ மின்சாரம் நின்ற இருபதாவது நிமிடத்தில் அணைந்துவிட்டது.

முதல் சுற்று வெறும் கேள்வி பதில் என்பதால் போனிலேயே பேசினாள். அடுத்த சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். அதில் எக்செல் தேர்வு, திரையைப் பகிர்ந்து செய்துகாட்ட வேண்டும். சிறிய திரையில் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. இதற்கு லேப்டாப்தான், சார்ஜர் செருகியபடியே. நேற்று அதில் ஜூமுக்குள் நுழைந்து பார்த்தோம். அவள் முகத்துக்குக் கீழே லேப்டாப்காரரின் பெயர் வந்து நின்றது. அவர் கணக்கிலிருந்து வெளியேறி, தன் கணக்கில் நுழைந்து, பெயரைச் சரிபார்த்த பிறகுதான் மூடிவைத்தாள்.