‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள்: என் தங்கையின் கருவிழிக்கு நேர்ந்தது

திருப்பூர்ப் பக்கம் வசிப்பவர்களும், கண் சிவந்தால் கண்ணாடிக் கடையிலோ மருந்துக் கடையிலோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்களும் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். என் தங்கையின் வலது கண் பார்வை பெருமளவு குறைந்துவிட்டது. அவளுக்கு வந்தது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸால் ஏற்படும் கருவிழிப் புண். அதற்கு மருந்து இருக்கிறது. உரிய நேரத்தில் அதைப் போட்டிருந்தால் அநேகமாகத் தழும்பு இல்லாமலோ சிறு தழும்போடோ ஆறியிருக்கும். நோய் என்னவென்று பார்க்காமலேயே கொடுக்கப்பட்ட வேறொரு மருந்துதான் அவள் கண்ணைக் கெடுத்தது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

தங்கை பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் ஆகியவற்றை நாள் முழுதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே அவளுடைய வேலை. கடந்த ஆண்டு கோடையில் ஒரு காய்ச்சல் வந்து தணிந்த கையோடு வலது கண் மட்டும் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பட்டால் கூசத் தொடங்கியது. பீளை தள்ளவில்லை, இடது கண் தெளிவாக இருந்தது, வீட்டில் வேறு யாருக்கும் கண் வலி இல்லை. மண் விழுந்தது போன்ற உறுத்தல் இருந்ததே தவிர, தாங்க முடியாத வலி இல்லை. இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் முக்கியமானவை என்பதால்தான் எழுதுகிறேன். கேட்கத் தெரிந்தவர் கேட்டிருந்தால், இது சாதாரண மெட்ராஸ் ஐ அல்ல என்ற ஐயம் அப்போதே எழுந்திருக்கும்.

அவள் போன இடத்தின் முகப்பில் ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்று ஒரு பலகையும், அதன் கீழே ‘கண் சிகிச்சை மையம்’ என்று இன்னொரு பலகையும் இருக்கின்றன. உள்ளே வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவரை எல்லோரும் டாக்டர் என்றே அழைக்கிறார்கள். அவருடைய மருத்துவப் பதிவு எண் பலகையிலும் இல்லை, ரசீதிலும் இல்லை. அவர் கையில் இருந்த டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, “மெட்ராஸ் ஐதாம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க, மூணு நாள்ல சரியாயிரும்” என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அட்டைப்பெட்டியும் அதனுள் இருக்கும் குறிப்புத் தாளும் கொடுக்கப்படவில்லை. மருந்துச் சீட்டும் எழுதித் தரவில்லை. அந்தக் குப்பியில் இருந்தது ஓர் ஆன்டிபயாடிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது, உறுத்தலும் தணிந்தது. இந்த இடத்தில்தான் மக்கள் ஏமாந்து போகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஸ்டீராய்டு கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை எதிர்த்து உடல் காட்டும் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குகிறது. அந்த எதிர்ப்பு அடங்கும்போது கண் வெளுத்துத் தெளிவாகத் தெரியும். உள்ளே வைரஸ் தடையின்றிப் பெருகும். கூடவே கலந்திருக்கும் ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸை அது தொடுவதே இல்லை. ஆக, மருந்து நன்றாக வேலை செய்வதாக நோயாளி நம்பும் அந்த நாட்களில்தான் கருவிழிப் புண் அகலமாகிக்கொண்டிருக்கிறது.

பார்வை மங்கத் தொடங்கியதும் அவள் அதே இடத்துக்கு மறுபடியும் போனாள். அங்கே கம்ப்யூட்டர் பரிசோதனை செய்து, கண்ணில் பவர் வந்துவிட்டது என்று சொல்லி ஒரு கண்ணாடியை விற்றிருக்கிறார்கள். முன்னதைவிட வீரியமான, பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கருவி கண்ணாடி அளவை மட்டும் கணிக்கும் கருவி. கருவிழியில் புண் இருக்கிறதா என்று அது சொல்லாது. புண்ணால் மேற்பரப்பு கரடுமுரடாகிப் பார்வை குறைந்த ஒருத்திக்குக் கண்ணாடி விற்றதை என்னால் அறியாமை என்று மட்டும் ஏற்க முடியவில்லை. எல்லாமாகச் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். கடைசியாக அவள் போனபோது, “தூசியில வேலை செஞ்சா அப்படித்தாம்மா இருக்கும், மருந்தை விடாம போடுங்க” என்று பதில் வந்திருக்கிறது.

“அண்ணா, லைட்டைச் சுத்தி ஒரே புகையா தெரியுது” என்று அவள் என்னிடம் தொலைபேசியில் சொன்ன பிறகு, கோவையில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே இருந்த பெண் மருத்துவர் முதலில் பார்வையின் அளவைக் குறித்துக்கொண்டார். பின்பு பஞ்சை நூல் போலத் திரித்து, அதன் நுனியால் இரண்டு கருவிழிகளையும் மெல்லத் தொட்டுப் பார்த்தார். இடது கண் சட்டென்று இமைத்தது, வலது கண் அசையவே இல்லை. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் நரம்பின் வழியே வருவதால் கருவிழியின் உணர்ச்சியைக் குறைத்துவிடும் என்றும், நோயின் அளவுக்கு வலி தெரியாமல் போவதற்கு அதுவே காரணம் என்றும் அவர் விளக்கினார். அடுத்து, ஃப்ளோரசின் என்ற சாயம் தோய்ந்த காகிதப் பட்டையைக் கண்ணில் ஒற்றி, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியின் நீல ஒளியில் பார்த்தார். புண் இருக்கும் இடம் அந்த ஒளியில் பச்சையாக மின்னும். தொடக்க நிலையில் இந்தப் புண் கிளை கிளையாகப் பிரிந்து, நுனிகளில் சிறு குமிழ்களோடு காணப்படுமாம். பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடன் பிடிபடும் அடையாளம் அது. தங்கையின் கண்ணில் அந்தக் கிளைகளெல்லாம் ஒன்றாகி, வரைபடத்தில் ஒரு நிலப்பரப்பைப் போல விரிந்திருந்தன. வைரஸ் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போட்டால் இப்படித்தான் விரியும் என்றார் மருத்துவர். கண்ணின் அழுத்தமும் கூடியிருந்தது; அதுவும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் வரக்கூடியதே.

சாயப் பட்டை விலை உயர்ந்த பொருள் அல்ல. பரிசோதனைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதைச் செய்யாமல் ஸ்டீராய்டைக் கண்ணில் போடச் சொன்னதுதான் என் குற்றச்சாட்டின் மையம்.

நோயின் பெயரைக் கேட்டதும் எங்கள் குடும்பத்தில் எழுந்த சங்கடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மறைத்து வைத்துக்கொண்டு துன்பப்படுபவர்கள் இருப்பார்கள். ஹெர்பீஸ் என்றதும், அது பாலுறவால் வரும் நோய் என்று நினைத்து மைத்துனரின் முகம் மாறியது. மருத்துவர் அவரை உட்காரவைத்து எடுத்துச் சொன்னார்: கண்ணைத் தாக்குவது பெரும்பாலும் இந்த வைரஸின் முதல் வகை, சிறு வயதில் முத்தத்தின் வழியாகவோ எச்சில் வழியாகவோ நமக்குள் வந்து, பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல், முகத்தின் உணர்ச்சி நரம்பின் முடிச்சில் வாழ்நாள் முழுதும் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், உடல் தளர்ச்சி ஆகியவற்றின்போது அது விழித்துக்கொண்டு உதட்டில் கொப்புளமாகவோ கருவிழியில் புண்ணாகவோ வெளிப்படலாம். இதில் யாருடைய ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. தங்கை அன்று அழுதது கண்ணுக்காக மட்டுமல்ல என்பதால், அந்த மருத்துவர் ஒதுக்கிய நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

சிகிச்சை இவ்வாறு நடந்தது. ஸ்டீராய்டு மருத்துவரின் கண்காணிப்பில் குறைத்து நிறுத்தப்பட்டது. கேன்சைக்ளோவிர் 0.15 சதவீத ஜெல் ஒரு நாளைக்கு ஐந்து முறை. இது கிடைக்காத இடங்களில் அசைக்ளோவிர் 3 சதவீதக் கண் களிம்பையும் அதே கணக்கில் போடச் சொல்வார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று இரத்தம் பார்த்த பிறகு, அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையும் கொடுத்தார்கள். அழுத்தத்துக்குத் தனிச் சொட்டு மருந்து. புண் ஆறியது. ஆனால் கருவிழியின் நடுப்பகுதியில், பார்வை செல்லும் வழியிலேயே, வெண்மையான தழும்பு நின்றுவிட்டது.

சில மாதங்கள் கழித்து அதே கண்ணில் மறுபடியும் மங்கல் ஏற்பட்டபோது, இம்முறை மேற்பரப்பில் புண் இல்லை என்றும், கருவிழியின் உள்ளடுக்கில் வீக்கம் என்றும் கண்டறிந்து, அதே பிரட்னிசோலோனை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நாங்கள் பதறிப் போனோம். அவர் கொடுத்த விளக்கம் நியாயமானது: உள்ளடுக்கு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு தேவை, ஆனால் வைரஸ் மருந்தின் பாதுகாப்போடு, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, இடையிடையே சாயம் இட்டுப் பார்த்தே கொடுக்க வேண்டும். ஆகவே ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே மருந்தை வீசிவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யார், எதைப் பார்த்து, எந்தத் துணை மருந்தோடு கொடுக்கிறார் என்பதைக் கேளுங்கள்.

இந்த நோய்க்கு மருந்தில்லாத காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐடாக்ஸியூரிடின் என்ற சொட்டு மருந்து இந்தப் புண்ணை ஆற்றுவதை அமெரிக்கக் கண் மருத்துவர் ஹெர்பர்ட் காஃப்மன் 1962-இல் வெளியிட்டார். அசைக்ளோவிர் உருவான ஆய்வுகளுக்குத் தலைமை வகித்த கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவில் 703 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1998-இல் வெளியான ஆய்வில், அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் இரு வேளை ஓராண்டு சாப்பிட்டவர்களில் 19 சதவீதத்தினருக்குத்தான் கண் நோய் திரும்பியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 32 சதவீதம். தங்கை இப்போது அந்த மாத்திரையைத்தான் எடுத்துக்கொள்கிறாள். இத்தனை அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பெண்ணின் கண் கெடுவதை என்னால் விதி என்று விட்டுவிட முடியவில்லை.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. வழக்கமாக ஒரு கண்ணில் தொடங்கி இரண்டொரு நாளில் மறு கண்ணுக்கும் பரவும். வீட்டிலோ வேலையிடத்திலோ வேறு சிலருக்கும் இருக்கும். ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதற்கும்கூடத் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு தேவைப்படுவதில்லை. ஒரே கண்ணில் சிவப்பு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்திருந்தால், ஸ்லிட் லேம்ப் உள்ள கண் மருத்துவரிடம் அன்றே போய்விடுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது.

கோவையில் காத்திருந்த நாட்களில் ஒன்றில், நெற்றியிலும் இமையிலும் காவி பூசிய ஒரு முதியவரைப் பார்த்தேன். அக்கி எழுதிக்கொண்டு சில நாட்களைக் கழித்துவிட்டு, கண் வீங்கிய பிறகு வந்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வரும் அக்கி வேறொரு ஹெர்பீஸ் வைரஸின் வேலை. மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால் கண்ணும் பாதிக்கப்படும் அபாயம் அதிகம். அதற்கான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. காவி பூசிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. அதற்காக மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்துகள், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கான வேலையும் நடக்கிறது. எங்களுக்குக் கை கொடுத்தவை, தங்கை தூக்கிப் போடாமல் வைத்திருந்த இரண்டு காலிக் குப்பிகளும் கண்ணாடிக்கான ரசீதும்தான். மருந்துக்குப் பணம் வாங்கியதற்கு எந்தச் சான்றும் இல்லாததால் அந்தத் தொகையை நிரூபிப்பது கடினம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

இப்போது இப்படி ஒரு சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் குப்பியின் மேலே உள்ள பெயரைப் பாருங்கள்: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃப்ளோரோமெத்தலோன், லோட்டிபிரட்னால் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பல நாட்களாகப் போட்டு வந்திருந்தால் பயத்தில் நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் வீக்கம் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே கண் மருத்துவரைப் பாருங்கள். சாயம் இட்டுப் பார்த்த பிறகு, நிறுத்துவதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.