ராமேஸ்வரம் லாட்ஜ்: அறைக்கு நாலு ஸ்டார், வைஃபைக்கு ஒன்று

அம்மாவுக்குத் திதி கொடுக்க நானும் தங்கச்சியும் ராமேஸ்வரம் போயிருந்தோம். அக்னி தீர்த்தத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் லாட்ஜ். பெயர் வேண்டாம், பையன்கள் நல்லவர்கள். இரண்டு கட்டில் அறை 1,400 ரூபாய். விடியற்காலை 4 மணிக்கே வெந்நீர் வந்தது. கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட வருகிறவர்களுக்கு மொட்டை மாடியில் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள், கிளிப்போடு. கடற்காற்றில் வேட்டி அரை மணியில் காய்ந்துவிட்டது.

வைஃபைதான் வம்பு. அறைக்குள் என் சிம்முக்கு ஒரு கோடுகூட இல்லை. புரோகிதருக்குத் தட்சிணை அனுப்ப பேங்க் சைட்டைத் திறந்தால் சிவப்பு முக்கோணம், இணைப்பு பாதுகாப்பானது இல்லையாம். கீழே போனேன். ரிசப்ஷன் சுவரில் லேமினேட் போட்ட தாள்: "நெட் வரலைன்னா அட்வான்ஸ்டு, அப்புறம் ப்ரொசீடு அமுக்கவும்."

"எல்லாரும் அப்படித்தான்ணே போறாங்க" என்றான் பையன்.

எனக்கு ப்ரொசீடே வரவில்லை. ஒவ்வொரு சைட்டும் 'நான்தான் அது' என்று பிரவுசருக்குக் காட்டுகிற சான்றிதழ் ஒன்று உண்டு. அது சரியில்லை என்றால் யாரையும் உள்ளே விடாதே என்று பிரவுசரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிற சைட்டுகள் உண்டு. என் பேங்க் அந்த ரகம். சான்றிதழை விரித்துப் பார்த்தேன். பேங்க் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரவுட்டர் கம்பெனியின் பெயர்! அறை எண்ணும் மொபைல் நம்பரும் கேட்கிற லாகின் பக்கத்தைக் காட்டுவதற்காக, லாட்ஜ் ரவுட்டர் நடுவில் புகுந்து பேங்க் மாதிரி பதில் சொல்லியிருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லை, சரி. ஆனால் திருடன் ஒருவன் நடுவில் உட்கார்ந்தாலும் இதே முக்கோணம்தான் வரும். அமுக்கிப் பழகின விரலுக்கு லாட்ஜும் ஒன்றுதான், திருடனும் ஒன்றுதான்.

லாகின் பக்கம் வர, பூட்டு இல்லாத, சான்றிதழே கேட்காத பழைய எச்டிடிபி பக்கம் எதையாவது திறந்தால் போதும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று இதற்கென்றே ஒன்று இருக்கிறது. அதை அடித்ததும் லாகின் பக்கம் ஒழுங்காக வந்தது. நம்பரைக் கொடுத்ததும் முக்கோணம் போய்விட்டது. பையனிடம் காட்டினேன். "இவ்வளவுதானாண்ணே?" என்றான்.

தட்சிணையை வெளியே டீக்கடை முன்னால் நின்று என் டேட்டாவிலேயே அனுப்பினேன். மறுநாள் காலி செய்யும்போது பார்த்தால் அதே தாள் அதே இடத்தில். லேமினேட் மேலேயே மார்க்கரில் ஒரு வரி மட்டும் கூடியிருந்தது: "பேங்க் வேலைக்கு வேண்டாம்."