72,000 ரூபாய் போச்சு: சி.ஓ.டூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் வாங்குற சோடா கம்பெனி, வெல்டிங் பட்டறைக்காரங்க படிச்சுட்டுப் போங்க

நேத்து மத்தியானம் ஒரு லாரி என் கம்பெனி வாசல்ல வந்து நின்னுச்சு. நான் டெபாசிட் கட்டி வச்சிருந்த ஏழு சிலிண்டரை உருட்டி ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. என்னால ஒரு வார்த்தை பேச முடியல. ஏன்னா சிலிண்டர் அவங்களுது. அது கடைசில வரும். கை நடுங்குது, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. எப்படிப் பாத்து வாங்கணும்ங்கிறதையும் கீழ விவரமா எழுதுறேன்.

தென்காசிப் பக்கம் சின்ன சோடா கலர் கம்பெனி என்னுது. அப்பா காலத்துல இருந்து கோலி சோடாதான். நடுவுல செத்துக் கிடந்த யாவாரம் இப்பக் கொஞ்சம் எந்திரிச்சிருக்கு. சித்திரை, வைகாசி கோயில் கொடை சீசன்ல ஓட்டுனாத்தான் வருசம் ஓடும். இந்தத் தடவை எங்க பழைய கேஸ் ஏஜென்ட் சி.ஓ.டூ கிலோவுக்கு 38 ரூபாய்னு ஏத்திட்டாரு, அதுலயும் வாரத்துக்கு நாலு சிலிண்டருக்கு மேல இல்லன்னுட்டாரு. அந்தக் கோவத்துல, தொழில் பண்றவங்க சரக்கு விசாரிக்கிற ஆப் ஒண்ணு இருக்குல்ல, அந்த மாதிரி ஒண்ணுல போட்டேன். பேரு சொல்லல. பத்து நிமிசத்துல போன் வந்துச்சு. கிலோ 30 ரூபாய். அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் வேற, "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்"னு.

நான் விழுந்தது விலைக்காக மட்டும் இல்ல. அவன் பேச்சுக்கு. ஒரு மணி நேரம் பேசுனான், வாத்தியார் மாதிரி.

"அண்ணாச்சி, ஆக்சிஜன் மாதிரி இதைக் காத்துல இருந்து பிரிக்க மாட்டாங்க. காத்துல இது 0.04 சதவீதந்தான், கட்டுப்படியாகாது. இன்னொரு ஆலையோட கழிவுதான் நம்ம சரக்கு"ன்னு ஆரம்பிச்சான். உர ஆலையில அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேணும். இயற்கை எரிவாயுவையோ நாப்தாவையோ நீராவியோட சேர்த்து அதை எடுக்கும்போது சி.ஓ.டூ மிஞ்சும். பெரும்பகுதி அங்கயே யூரியாவுக்குப் போயிடும், மீதிதான் வெளிய வரும். இன்னொரு வழி சாராய ஆலை. சர்க்கரை நொதிக்கும்போது ஒரு கிலோ ஆல்கஹாலுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சி.ஓ.டூ வருமாம். அதைப் பிடிச்சுத் தண்ணியில கழுவி, கரியில வடிகட்டி, ஈரத்தை எடுத்து, 20 பார் அழுத்தத்துல மைனஸ் 20 டிகிரி வாக்குல குளிர வச்சா தண்ணி மாதிரி ஆயிடும். அதைத்தான் டேங்கர்ல கொண்டுவந்து சிலிண்டர்ல ஏத்துறாங்க.

இதெல்லாம் உண்மை. அதுதான் எரியுது. தூத்துக்குடியில ஆலை வேலை பாக்குற எங்க மச்சான்கிட்ட அப்புறம் கேட்டேன், ஒரு வரி தப்பில்லன்னாரு. இவ்வளவு தெரிஞ்சவன் ஏமாத்த மாட்டான்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் கவுந்தேன். "நம்ம கேஸ் தூத்துக்குடி ஆலையில இருந்து நேரா வருது, ஃபுட் கிரேடு"ன்னு, அதாவது சாப்பிடுற பொருள்ல சேர்க்கிற தரம்னு, சத்தியம் பண்ணான். மச்சான் சிரிச்சாரு. பாய்லர் புகையில இருந்து சி.ஓ.டூ பிடிக்கிறாங்கன்னு 2017 வாக்குல பேப்பர்ல பெருசா வந்த ஆலை, அது சோடா ஆஷ் செய்யப் பிடிக்கிறது. "மாப்ள, அது சலவை சோடா, உன் சோடா இல்ல"ன்னாரு.

கணக்கு இதுதான். 12 சிலிண்டர், தலைக்கு 5,000 டெபாசிட், 60,000. ஒவ்வொண்ணுலயும் 30 கிலோ கேஸ், 10,800. வண்டி வாடகை 1,200. மொத்தம் 72,000 ரூபாய். முன்பணமா மொத்தத்தையும் ஜிபே பண்ணேன். வீட்டுக்காரி "பாதி குடுங்க, வந்ததும் மீதி குடுக்கலாம்"னா. அவ பேச்சைக் கேட்டிருந்தா இந்தப் பதிவே இல்ல.

லோடு காலைல அஞ்சரைக்கு வந்துச்சு. அந்த நேரத்தை ஏன் பிடிச்சாங்கன்னு இப்பப் புரியுது, பக்கத்து எடை மேடை திறந்திருக்காது. டிரைவரே அழுத்தம் காட்டுற கேஜை மாட்டி வால்வைத் திறந்து காட்டுனான். முள்ளு 65 பார்ல நின்னுச்சு. "பாத்துக்கோங்க அண்ணாச்சி, ஃபுல்." நானும் தலையாட்டுனேன். இருபது வருசமா இதே தொழில், ஆனா இது எனக்கு உறைக்கல. சி.ஓ.டூ சிலிண்டருக்குள்ள திரவமா இருக்கு. அதுல கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் முள்ளு இறங்காது, வெப்பத்துக்குத் தக்கன நிக்கும். 20 டிகிரின்னா 57 பார், கூடுனா ஏறும். நிறைஞ்சதும் பாதியும் கேஜுக்கு ஒண்ணுதான். ஆக்சிஜன்ல கேஜ் பாத்துப் பழகுன பட்டறைக்காரங்க இதை நல்லா மனசுல வைங்க. நம்ம ஊரு வெயில்ல கணக்கே வேற. 31 டிகிரி தாண்டுனா உள்ள திரவம், வாயுன்னு பிரிவே கிடையாது.

மூணாவது நாள்தான் தெரிஞ்சுது. கோலி சோடா போடுறதைப் பாத்திருக்கீங்களா? பாட்டிலை மெஷின்ல மாட்டிக் கேஸ் ஏத்தித் திருப்புனா, உள்ள இருக்கிற அழுத்தந்தான் கோலியைத் தள்ளிக் கழுத்து வாஷர்ல ஒட்ட வைக்கும். அன்னைக்குத் திருப்பத் திருப்ப கோலி "டக்"னு உள்ள விழுகுது. எங்க பையன் வாஷரைக் குறை சொல்லி மாத்திக்கிட்டே இருக்கான். பத்துப் பாட்டில்ல ஆறு நிக்கல. சிலிண்டர் அதுக்குள்ள காலி. நின்ன பாட்டில்ல ஒண்ணை உடைச்சுக் குடிச்சா லேசா அழுகின முட்டை வாடை. கொடைக்குன்னு ஏற்கெனவே போன நாப்பது கிரேட்ல பாதி திரும்பி வந்துச்சு. அந்த ஊர்க்காரங்க என்னைப் பேசுன பேச்சை இங்க எழுத முடியாது.

பழைய இரும்புக் கடையில தராசு வாங்கிட்டு வந்து, தொடாத சிலிண்டரை நிறுத்தேன். கழுத்துல வெறும் எடை 52 கிலோன்னு அடிச்சிருக்கு. கேஸோட 82 வரணும். ஒண்ணு 67. இன்னொண்ணு 66. ஒண்ணு 54. ரெண்டு கிலோ கேஸை வச்சு எனக்கு 30 கிலோன்னு வித்திருக்கான்.

போன் போட்டேன். மொத நாள், "வெயிலுக்கு ஆவியாயிருக்கும் அண்ணாச்சி." மூடுன சிலிண்டருக்குள்ள இருந்து எங்கடா ஆவியாகும்? ரெண்டாவது நாள், "உங்க தராசு சரியில்ல." மூணாவது நாள், அமோனியா பிளாண்ட் ஷட்டவுன், அகில இந்தியாவுக்கும் தட்டுப்பாடு, பொறுங்கன்னு ஒரு இங்கிலீஷ் செய்தியைப் படம் பிடிச்சு அனுப்புனான். மகளைப் படிக்கச் சொன்னேன். அது இங்கிலாந்துச் செய்தி, 2021 செப்டம்பர். எரிவாயு விலை ஏறுனதால அங்க ரெண்டு உர ஆலையை நிறுத்த, அந்த நாட்டு சி.ஓ.டூவுல பாதிக்கு மேல நின்னு போச்சாம். கறிக்கடை, குளிர்பானம் எல்லாம் தவிச்சிருக்கு. நடந்ததுதான். ஆனா அதுக்கும் என் 72,000 ரூபாய்க்கும் என்ன சம்பந்தம்? அதுக்கப்புறம் போனை எடுக்கல. இப்ப நம்பர் உபயோகத்துல இல்லையாம்.

ஆப்காரங்களுக்கு நாலு தடவை பேசுனேன். நாலு தடவையும் வேற வேற பொண்ணு, ஒரே வசனம்: "சார், நாங்க தொடர்பு ஏற்படுத்தித் தர்றதோட சரி." அப்போ அந்தப் பச்சை டிக் எதுக்குமா? "அது அவங்க மொபைல் நம்பரைச் சரிபார்த்ததுக்கு சார்." நம்பரை! டிக்கெட் எண் குடுத்தாங்க, ஏழு வேலை நாள்ல தீர்வுன்னாங்க, அஞ்சாவது நாளே "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு. ஸ்டேஷன்ல, இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. சைபர் கிரைம் புகார் எண் 1930-க்குப் போட்டுப் பதிஞ்சு வச்சிருக்கேன். பாப்போம்.

அப்புறம் நேத்து வந்த லாரி. ஒரு கேஸ் கம்பெனி ஆளுங்க. கையில சிலிண்டர் நம்பர் பட்டியல். சிலிண்டர் தோள்பட்டையில பெயிண்டைச் சுரண்டிக் காட்டுறாங்க, அடியில அவங்க கம்பெனி பேரு. வாடகைக்குப் போய்த் திரும்பாத சிலிண்டராம். என்கிட்ட இருக்கிற டெபாசிட் ரசீதுல ஒரு நம்பர் கிடையாது, "12 எண்ணம்"னு மட்டும் இருக்கு. என்னையே திருடனைப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்க. மிச்ச அஞ்சுல கடைசியா சோதனை அடிச்ச வருசம் 2014. அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை தண்ணி அழுத்தச் சோதனை பண்ணியிருக்கணும். சோதனை பண்ணாம அதை எவனும் நிரப்பித் தர மாட்டான், தரவும் கூடாது. 60,000 டெபாசிட்டும் அதோட போச்சு. மொத்தம் 72,000 ரூபாய். திரும்பி வந்த சோடாவை நான் கணக்குலயே சேர்க்கல.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், முடியல, நாளைக்கு இன்னொரு ஊர்க் கொடை. சுருக்கமா: நிறுத்து வாங்குங்க, கேஜை நம்பாதீங்க. கழுத்துல வெறும் எடை, சோதனை வருசம், யார் பேருன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரசீதுல ஒவ்வொரு சிலிண்டர் நம்பரும் இருக்கணும். ஃபுட் கிரேடுன்னா அந்த லோடுக்கான சோதனைச் சான்று கேளுங்க. எனக்கு வந்த சான்று பிடிஎஃப்ல தேதியே இல்ல, நான் பாக்கவும் இல்ல. முழுப் பணம் குடுக்காதீங்க. ஆங், கேஸ் ரூம்ல கதவைச் சாத்தாதீங்க, கசிஞ்சா சி.ஓ.டூ காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், தரையோட தங்கும்.

பழைய ஏஜென்ட்தான் இப்பப் போன் பண்ணாரு. ஆறு சிலிண்டர் இருக்காம், கிலோ 41 ரூபாயாம். இரும்புக் கடைத் தராசை இன்னும் திருப்பிக் குடுக்கல, அதை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்.