வேர்ப்புழுவுக்கு நூற்புழுப் பொடி: அல்சூர் மொட்டை மாடியில் பார்த்தது

ரோஜா நன்றாகத் தண்ணீர் குடித்தும் வாடுகிறதா? இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறதா? மண்ணைக் கொட்டிப் பாருங்கள், வெள்ளை வேர்ப்புழு சுருண்டு கிடக்கும். அதற்கு நூற்புழுப் பொடியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பாக்கெட்டில் இருப்பவை அரை மில்லிமீட்டர் நீள நூற்புழுக்கள். பெயர் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா. கோயம்புத்தூரில் கண்டெடுத்து 1992-ல் பெயர் சூட்டிய இனம். நம்ம மண்ணில் பிறந்தது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். இதைப் பொடியாக்கும் முறை இங்கே பெங்களூரு ஹெப்பாளில், மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனமான என்.பி.ஏ.ஐ.ஆரில் உருவானது.

இந்த நூற்புழு மண்ணுக்குள் இரையைத் தேடிப் போகும். வேர்ப்புழுவின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை என எந்த வழியிலாவது உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்து வந்த போட்டோராப்டஸ் பாக்டீரியாவை அங்கேயே விடும். பெரும்பாலும் இரண்டு நாளில் வேர்ப்புழு செத்துவிடும். பிறகு அந்த உடலிலேயே நூற்புழுக்கள் பெருகி அடுத்த இரைக்குக் கிளம்பும். பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிய வாரக் கடைசியில் ஒரு தொட்டியைக் கிளறினேன். வெள்ளையாக இருந்த புழு செங்கல் நிறத்தில் தொளதொளவென்று கிடந்தது, நாற்றமே இல்லை. சும்மா செத்த புழு கறுத்து நாறும். இந்தச் சிவப்பைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதே தொட்டியில் மண்புழுக்கள் நன்றாகவே நெளிந்துகொண்டிருந்தன. வேரில் முடிச்சு போடும் நூற்புழு வேறு, இது வேறு, செடியைத் தொடாது.

இப்போது குறை. முதலில் வாங்கிய கடையில் பாக்கெட்டுகளை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். வீட்டில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் விட்டு, கறுப்புத் தட்டில் ஊற்றி டார்ச்சும் லென்ஸுமாகப் பார்த்தால், எல்லாம் ஊசி மாதிரி விறைத்துக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. காசு போனதைவிட, இத்தனை வருட ஆராய்ச்சியை இப்படிச் சாகடிக்கிறார்களே என்றுதான் கோபம் வந்தது. சித்தாபுரா நர்சரிப் பக்கம் இன்னொரு கடையில், "அம்மா, இது உயிருள்ள சரக்கு, ஃபேனுக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன்" என்று உள்ளறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். அது நெளிந்தது. தேதி பார்த்து, உள்ளே இருக்கும் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வெயில் சாய்ந்த பிறகு ஈர மண்ணில் பூவாளியால் ஊற்ற வேண்டும். வெயிலும் வறட்சியும் பட்டால் போச்சு. அப்புறம் சில நாள் மண் காயக் கூடாது, தொட்டி நீர் தேங்கவும் கூடாது. குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சி மருந்தைக் கூடவே போடாதீர்கள்.

ஒரு கிலோ பாக்கெட் மாடித் தோட்டத்துக்கு ரொம்ப அதிகம். நூறு கிராமில் விற்றால் எத்தனை வீடுகள் வாங்கும்! வேர்ப்புழுவின் தாய் வண்டு பறந்து வந்து முட்டையிடுவதை இது தடுக்காது, அதனால் அடுத்த கோடை மழைக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறேன். எதிர்வீட்டு அக்கா இப்போதே பாதிப் பங்கு கேட்டிருக்கிறார்.