9 மில்லிமீற்றரா, 16.5 மில்லிமீற்றரா? வன்னியிலிருந்து பழைய குறுகிய பாதை மாதிரி என்ஜின் வாங்கித் திருத்துவோருக்கு

குறுகிய பாதை ரயில்களை மாதிரியாகச் செய்து ஓட்டிப் பார்க்க விரும்பி, புதிய என்ஜினின் விலையைக் கண்டதும் பின்வாங்குகிறவர்களுக்கு எஞ்சியிருக்கும் வழி, பழையதை, அதுவும் ஓடாமல் நிற்கும் பழையதை, மலிவாக வாங்கித் திருத்துவதுதான். இந்த வழியில் இறங்குவதற்கு முன்னர் எனக்கு மூன்று தெரிவுகள் இருந்தன (மி.மீ. கணக்கு இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம்): 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சிறியவை, 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் நடுத்தரமானவை, முற்றத்தில் ஓட்டக்கூடிய 32 அல்லது 45 மி.மீ. பெரியவை. நடுத்தரமானதைத் தெரிவுசெய்து இப்போது அதில்தான் வேலை செய்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வன்னியில் குறுகிய பாதை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வவுனியாவிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஊடாகப் போகும் வடக்குப் பாதை 1676 மி.மீ. அகலப்பாதை, இலங்கையின் குறுகிய பாதையான 762 மி.மீ. தண்டவாளம் கொழும்பிலிருந்து அவிசாவளைக்கும் அதற்கு அப்பாலும் சென்ற களனிவெளிப் பாதையிலும், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற மலைப் பாதையிலும்தான் இருந்தது. மலைப் பாதை 1948இல் மூடப்பட்டது. களனிவெளிப் பாதை 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. எங்கள் பகுதியிலோ 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. ரயிலையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்த ஊரில் மாதிரி ரயில் செய்பவர்களைத் தேடிப் பிடிப்பது அரிது. உதிரிப்பாகம் கடன் கேட்க அயலில் ஆள் இல்லை என்ற இந்த ஒரு நிலைமையே என்னுடைய தெரிவை முடிவுசெய்தது.

அளவுப் பொருத்தத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 762 மி.மீ. பாதையை 1:87 அளவுத்திட்டத்தில் சுருக்கினால் 8.76 மி.மீ. வரும், 9 மி.மீ. தண்டவாளம் அதற்கு நன்றாகவே பொருந்தும். 1:76இல் சுருக்கினால் 10 மி.மீ. வருவதால், பிரித்தானியாவில் பரவலாக உள்ள ஓஓ-9 முறையில் களனிவெளி என்ஜினைச் செய்தால் பாதை சற்று ஒடுங்கித் தெரியும். 1:48இல் 15.9 மி.மீ.; அதற்கு 16.5 மி.மீ. தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசத்தில் ஒத்துப்போகும். முற்றத்து அளவில், 1:24இல் செய்து 32 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டினால் கணக்கு ஏறத்தாழ அப்படியே சரியாக வரும். 45 மி.மீ. தண்டவாளத்தில் 1:22.5இல் செய்யப்படும் எல்.ஜி.பி. நிறுவன வண்டிகள் மீற்றர் பாதையை (1000 மி.மீ.) குறிப்பவை. இலங்கை வண்டிக்கு அவை ஆகா. ஆக, பொருத்தத்தை மட்டும் பார்த்தால் மூன்று பக்கத்திலும் வழி உண்டு.

பெரியதை நான் விரைவாகவே தள்ளிவைத்தேன். மேமொட் போன்ற உண்மையான நீராவி என்ஜின்கள் பழையனவாக வெளிநாட்டில் நிறையக் கிடைக்கின்றன; கட்டமைப்பு எளிமையானது; கொதிகலனும் ஆடும் சிலிண்டரும் தவிரப் பழுதுபடுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. ஆனால் வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது; கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது சிறிய கொதிகலனுக்குள்ளும் படியும். மாரி மழைநீரைச் சேமித்தோ, பற்றறிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்கியோதான் ஊற்ற வேண்டியிருக்கும். பாரமும் இன்னொரு தடை: வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு வண்டியைத் திணிக்கக் கேட்பது உறவுக்கு நல்லதல்ல. இந்த வகையை இன்னொருவருடைய முற்றத்தில் ஓடக் கண்டு சற்றுக் கையாண்டதற்கு மேல் எனக்குப் பழக்கம் இல்லை என்பதால், இங்கே சொன்னதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான போட்டி 9 மி.மீ.க்கும் 16.5 மி.மீ.க்கும் இடையில்தான். 9 மி.மீ. என்பது ‘என்’ (N) அளவு எனப்படும், வழக்கமான அகலமுள்ள பாதை ரயில்களின் சிறிய மாதிரிகளுக்குரிய தண்டவாளம். ஆகவே பழைய ‘என்’ அளவு என்ஜின் ஒன்றின் மேலுடலைக் கழற்றிவிட்டு, அடித்தளத்தின்மேல் குறுகிய பாதை வண்டியின் உடலைச் செய்து பொருத்துவது இந்தத் துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் மலிவான வழி. அதன் நன்மைகளை மறைக்கத் தேவையில்லை. இடம் குறைவு: ஒரு மேசைப் பலகையில் முழுப் பாதையையும் அடக்கலாம். பாரம் குறைவு: ஒரு கடித உறையை விடச் சற்றுப் பெரிய பொதியில் வந்துவிடும். ஆயத்த வண்டிகளும் பெருகிவிட்டன. புதிதாகவே வாங்க நினைத்தால், ஜப்பானிய காட்டோ நிறுவனத்தின் சிறிய மோட்டர் அடித்தளங்கள் மிகச் சீராக ஓடுபவை. பல பழைய என்ஜின்களைவிட விலையிலும் குறைந்தவை. திருத்தும் ஆசை இல்லாமல் ஓட்டும் ஆசை மட்டும் உள்ளவருக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் இந்தக் கட்டுரை திருத்துவதைப் பற்றியது. திருத்துவதில் எல்லாமே கடைசியில் ஒரு பொருளில் வந்து முடிகிறது: பற்சில்லு.

பழைய மாதிரி என்ஜின் ஓடாமல் நிற்பதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், பெரும்பாலானவை அற்பமானவை. ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த வண்டியின் கிறீஸ் மெழுகாக இறுகியிருக்கும். சில்லுகளிலும் மின்னேற்கும் தகடுகளிலும் கரி படிந்திருக்கும். கம்பி ஒன்று விட்டிருக்கும். மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டும் பஞ்சும் கம்பி ஒட்டும் ஒரு பற்றாசுக்கோலும் இவற்றைச் சரிசெய்யப் போதும் (பெற்றோலும் தின்னரும் வேண்டாம், அவை பிளாஸ்ரிக்கைத் தின்றுவிடும்). மோட்டரின் தூரிகை தேய்ந்திருந்தால் அதுவும் மாற்றக்கூடியது. பற்சில்லு வெடித்திருந்தால் மட்டும் கதை வேறு. பல மாதிரிகளில் பிளாஸ்ரிக் பற்சில்லை அதன் துளையைவிடச் சற்றுத் தடித்த உலோக அச்சில் அழுத்தி ஏற்றியிருப்பார்கள். ஆண்டுகள் போகப் போகப் பிளாஸ்ரிக் இறுகிச் சுருங்கும், அச்சு சுருங்காது, முடிவில் இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழைபோல ஒரு வெடிப்பு விழும். அந்த இடத்தில் பற்களின் இடைவெளி விரிந்துவிடுவதால், சில்லு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் வண்டி ஒரு தடவை ‘டக்’ என்று தட்டும். பின்னர் அந்த இடத்தில் இறுகி நிற்கும், அல்லது மோட்டர் சுற்றச் சில்லு சும்மா இருக்கும்.

சுப்பர் குளூ இதற்குச் சரிவராது. பற்சில்லுகள் செய்யப்படும் வழுவழுப்பான பிளாஸ்ரிக் வகைகளில் அது பிடிப்பதில்லை. இரண்டு வழிகள் உள்ளன: புதிய பற்சில்லு வாங்குவது, அல்லது வெடித்ததை வளையம் போட்டு இறுக்குவது. இந்த இரண்டாவது வழியில்தான் அளவின் வேறுபாடு வெளிப்படுகிறது. எனக்கு வந்த 16.5 மி.மீ. வண்டியின் பற்சில்லில், பற்களுக்குப் பக்கத்தில் கழுத்துப்போல நீண்ட பகுதி ஒன்று இருந்தது. துளையை மிகச் சிறிதளவு பெருப்பித்தேன். அச்சில் ஏற்றியபின்னும் வெடிப்பு வாய் மூடும் அளவுக்கு மட்டும், அதற்குமேல் ஒரு சுற்றுக்கூட இல்லை. பின்னர் அந்தக் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் பித்தளை வளையம் ஒன்றைக் கிளிநொச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணரிடம் கடைந்து வாங்கினேன். உழவு இயந்திரத்தின் புஷ் கடைபவரிடம் மோதிரத்தைவிடச் சிறிய வளையத்தைக் கேட்டபோது, “தம்பி, இது பத்தரிட்டக் குடுக்கிற வேலையெல்லே” என்று சிரித்தார். ஆனாலும் செய்து தந்தார். பற்சில்லு இறுகியது, தட்டல் நின்றது, இன்றுவரை ஓடுகிறது.

இதே வேலையை 9 மி.மீ. வண்டியில் செய்வதென்றால் உண்மையாகவே பத்தரிடம்தான் போக வேண்டும். அங்கே அச்சு குண்டூசியைவிடச் சற்றே தடித்தது. பல பற்சில்லுகளில் வளையம் போடுவதற்குக் கழுத்தே இல்லை. எனவே முதலாவது வழிதான் மிஞ்சும். அந்தப் பற்சில்லு, அந்த நிறுவனம், அந்த ஆண்டுத் தயாரிப்பு என்று தேட வேண்டும். கிடைக்காதபோது இன்னொரு பழுதான வண்டியை உதிரிக்காக வாங்க வேண்டும். அதன் பற்சில்லும் அதே வயதினது என்பதால் அதே வெடிப்போடு வரக்கூடும். லண்டனிலோ நியூரம்பேர்க்கிலோ இருப்பவருக்கு இது ஒரு கிழமைத் தாமதம். வன்னியில் இருப்பவருக்கு அடுத்த ஆண்டு கோயில் திருவிழாவுக்கு யாராவது ஊருக்கு வரும்வரை உள்ள தாமதம்.

16.5 மி.மீ.யின் இரண்டாவது பலம் இதோடு சேர்ந்தது. அந்தத் தண்டவாள அகலம், உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட எச்ஓ, ஓஓ வகை மாதிரிகளுக்கு உரியது. குறுகிய பாதைக்கென்றே 1:48இல் செய்யப்பட்ட பாக்மன் நிறுவன வண்டிகளை மட்டும் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஹோர்ன்பியின் நான்கு சில்லுச் சிறு என்ஜின், பழைய ட்ரை-ஆங்கின் எக்ஸ்-04 மோட்டர் பூட்டிய அடித்தளம், நிலையங்களில் பெட்டிகளை இடம்மாற்றும் அமெரிக்க ஷண்டிங் டீசல்கள் என்று எதையும் வாங்கி உடலை மாற்றலாம். எக்ஸ்-04 மோட்டரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்: திறந்த சட்டகம், வெளியே தெரியும் தூரிகை, கழற்றக்கூடிய ஸ்பிரிங். சைக்கிள் டைனமோ திருத்தியவருக்கு அதைப் பார்த்ததும் விளங்கும். ஹோர்ன்பியின் சிறு என்ஜினுக்கு ஒரு குறை உண்டு: குறுகிய பாதை வண்டிக்கு ஒவ்வாத வேகத்தில் பாயும். வேகக் கட்டுப்படுத்தியால் ஓரளவுதான் அடக்கலாம்.

உடல் செய்வதிலும் பெரிய அளவுத்திட்டம் இங்கு வசதியானது. மாதிரிக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்ரிக் தகடு கடையில் கிடைக்காது. ஆனால் விளம்பரப் பலகை அடிக்கும் கடைகளில் 3 மி.மீ. பி.வி.சி. நுரைப்பலகையின் துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். 1:48இல் ஓட்டுநர் அறையின் சுவரை அதில் வெட்டி, யன்னல் ஓரத்தை மட்டும் உட்புறமாகச் சீவி மெல்லியதாக்கினால் போதும். 1:87இல் அதே பலகை கோட்டைச் சுவர்போலத் தெரியும். களனிவெளியில் ஓடிய சென்ரினல் நீராவி ரயில்பெட்டி போன்ற நேர்கோட்டு உடல்களுக்கு இந்தப் பலகை மிகவும் ஏற்றது.

ஓட்டும்போது 9 மி.மீ., 16.5 மி.மீ. இரண்டுமே 12 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை என்பதால், மின்வெட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிள் பற்றறியோடு ஒரு வேகக் கட்டுப்படுத்தியையும் 1 அம்பியர் பியூசையும் சேர்த்து ஓட்டலாம். பியூசை மறக்கக் கூடாது, தண்டவாளத்தில் ஒரு திருகாணி விழுந்தாலே பற்றறி கம்பியை எரித்துவிடும். தூசியில்தான் வேறுபாடு தெரிகிறது. கோடையில் யன்னல் திறந்திருக்கும் வீட்டில் தண்டவாளத்தில் தூசி படியாமல் இருக்காது. பாரமான வண்டி அதை அழுத்திக்கொண்டு மின்னை ஏற்கும், இலேசான 9 மி.மீ. வண்டி நின்று நின்று போகும்.

16.5 மி.மீ.க்கு எதிராகச் சொல்லக்கூடியவை இடமும் மறுவிற்பனையும். 1:48 வண்டிக்கு வளைவும் கட்டடமும் பெரிதாக வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இது உண்மையான சிக்கல். விற்க வேண்டி வந்தால், ஆயத்த 9 மி.மீ. வண்டிக்கு வெளிநாட்டில் ஆள் கிடைக்கும். கையால் உடல் செய்த 1:48 களனிவெளி வண்டியை யார் வாங்குவார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் விற்க முயன்றதில்லை.

வாங்கும்போது, ‘ஓடாது, உதிரிக்கு மட்டும்’ என்று போட்டிருப்பதைக் கண்டு விலகிவிட வேண்டாம். விலை விழுவது அங்கேதான். ஆனால் பணம் அனுப்புமுன், 9 வோல்ற் பற்றறியின் இரு முனைகளையும் இரு பக்கச் சில்லுகளில் தொட்டு ஒரு காணொளி எடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேளுங்கள். மோட்டர் உறுமியும் சில்லு அசையாவிட்டால் பற்சில்லு, அல்லது இறுகிய கிறீஸ். எந்தச் சத்தமும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அழுக்கோ விட்ட கம்பியோதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடிப்பக்கத்தின் படமும் வேண்டும்: உலோகச் சட்டகம் வீங்கியோ வெடித்தோ இருந்தால், அது கலப்படத் துத்தநாக வார்ப்பு உள்ளிருந்தே பொரிந்துபோகும் நோய், எந்த லேத் பட்டறையாலும் திருத்த முடியாது, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். முதல் வண்டியாக இணைப்புத் தண்டுகள் பூட்டிய நீராவி என்ஜினையும் தவிர்ப்பது நல்லது. சில்லைக் கழற்றினால் இடமும் வலமும் 90 பாகை வித்தியாசத்தில் திரும்பப் பூட்ட வேண்டும். தண்டில்லாத டீசல் ஒன்றின் பற்சில்லை ஒருமுறை கழற்றிப் பூட்டியபின் அதற்குப் போகலாம்.