மெய்ப்புத் திருத்தும் மேசையில் லினக்ஸ் மின்ட்: மூன்று வருட அனுபவம்

2022 கடைசியில் என் மடிக்கணினியில் விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட் 21 என்ற இயங்குதளத்தைப் போட்டேன். 2014-இல் வாங்கிய கணினி, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அதில் கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தருவது என் தொழில். அதற்கு வேண்டியது நாலு காரியம்: தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு, பிடிஎஃப்பில் திருத்தம் குறிப்பது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும் கோப்பை யூனிகோடாக்குவது, அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக எடுப்பது.

முதல் வாரம் முழுக்க பழைய பழக்கத்திலேயே அலைந்தேன். விண்டோஸில் தமிழ் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டரின் இஎக்ஸ்இ கோப்பை இறக்கி (அது விண்டோஸுக்கான கோப்பு), அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, லினக்ஸில் தமிழ் வராது போல என்று முடிவே கட்டிவிட்டேன். அக்கா மகன் வந்து பார்த்துச் சிரித்தான். "மாமா, எல்லாத்தையும் வெளியே போய் இறக்காதீங்க. உள்ளேயே கடை இருக்கு" என்று மென்பொருள் மேலாளரைத் திறந்து காட்டினான்.

கடை என்னவோ பெரிதுதான். ஆனால் அதில் தேடத் தெரிய வேண்டும். நான் தேடியதெல்லாம் விண்டோஸில் பழகிய பெயர்களை, ஒன்றும் வரவில்லை. பிறகு செய்ய வேண்டிய வேலையை ஆங்கிலத்தில் ஓரிரு சொல்லாக அடிக்கத் தொடங்கினேன். தேடும்போது விளக்கக் குறிப்பையும் சேர்த்துத் தேடும்படி அமைப்பில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் பெயரே தெரியாத மென்பொருளெல்லாம் வந்து நிற்கும். பிடிஎஃப்பில் திருத்தம் குறிக்க ஒக்குலாரும், அதன் பக்கங்களை அடுக்க பிடிஎஃப் அரேஞ்சரும் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். இன்று ஒக்குலார் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

தமிழ்த் தட்டச்சில்தான் உண்மையில் தடுமாறினேன். விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருந்தது. ஆகா, இவ்வளவுதானா என்று சேர்த்தேன். 'அம்மா' என்று எழுத ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும்; விழவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த அமைப்பில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். முன்னால் என்ன தட்டினோம் என்று அது பார்ப்பதில்லை. பார்த்து எழுதித் தருவது ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி. அதோடு பல மொழித் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்ததும் விரல்கள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டன. தமிழ்99 சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, இரண்டில் எதைச் சேர்த்தீர்கள் என்றுதான்.

ஸ்கேனருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, செருகியதும் வேலை செய்தது. ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தாக எடுக்க டெசராக்ட் என்ற மென்பொருள். அதற்கான தமிழ்த் தரவைத் தனியாக நிறுவ வேண்டும். கட்டளை வரியில் எழுதப் பிடிக்காதவர்களுக்கு, டெசராக்டையே சுட்டியால் இயக்க ஜிஇமேஜ்ரீடர் இருக்கிறது. புதிய அச்சுப் புத்தகம் என்றால் நன்றாக எடுக்கிறது. ஈய எழுத்தில் அச்சான பழைய புத்தகம் என்றால் நாமே தட்டச்சு செய்துவிடலாம். சந்திக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி. இரண்டும் உலாவியில் ஓடுகிறவை, எந்தக் கணினியானாலும் ஒன்றுதான்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள் இன்னும் தலைவலி. அடோபி அதைக் கைவிட்டு இருபது வருடம் ஆகிறது, ஆனால் அதில் கோத்த புத்தகங்கள் மறுபதிப்புக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. லிபர் ஆபீஸின் வரைபட மென்பொருளான டிராவில் திறந்து பார்த்தேன். எழுத்து வந்தது, பக்க அமைப்பு குலைந்து வந்தது. மெய்ப்புக்கு எழுத்து போதும். பக்கம் அப்படியே வேண்டும் என்கிறவரிடம், வடிவமைப்பாளரிடமிருந்து பிடிஎஃப் வாங்கித் தாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

கடையில் ஒரே மென்பொருள் இரண்டு விதமாக இருக்கும்: ஒன்று மின்டின் சொந்தத் தொகுப்பு, இன்னொன்று பிளாட்பேக். பின்னது பெரும்பாலும் புதிய பதிப்பு, ஆனால் தனக்கு வேண்டியதையெல்லாம் கூடவே இறக்கும். ஒருநாள் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை அப்படி நிறுவப் போய் கைப்பேசியின் அன்றைய டேட்டா காலி. வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் பார்த்துச் செய்யுங்கள்.

2024-இல் எஸ்எஸ்டி மாற்றியபோது மின்ட் 22-ஐப் புதிதாகவே போட்டேன். அதற்குள் எனக்கு வேண்டிய தொகுப்புகளின் பெயரையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தேன். ஒரே கட்டளை, காபி குடித்து வருவதற்குள் எல்லாம் ஏறியிருந்தது, பாமினி மாற்றியைத் தவிர. அது ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பை வைத்து அக்கா மகன் எழுதிக் கொடுத்தது. முன்பு பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையில் சட்டென்று ஏறியது, இந்தப் பதிப்பில் ஏற மறுத்தது. பைத்தானைக் கணினியே நிர்வகிக்கிறது, நீ தனிச் சூழல் அமைத்துக்கொள் என்றது.

போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வர்றேன் மாமா" என்றான்.